சாரம் சரியாத்தான் கட்டித் தர்றாங்க, ரெண்டே நாள்ல ஒவ்வொண்ணா காணாம போகுது, நீங்கல்லாம் எப்படி சமாளிக்கிறீங்க?

புதுசைட் எழுதியது:

வணக்கம். நான் சைட் இன்ஜினியரா சேர்ந்து எட்டு மாசம்தான் ஆகுது, கேள்வி சின்னப்புள்ளத்தனமா இருந்தா திட்டாம சொல்லுங்க. அஞ்சு மாடி கட்டடம், வெளிப்பக்கம் முழுக்க பைப் கிளாம்ப் சாரம், தூசி வெளிய போகாம இருக்க பச்சை வலை கட்டியிருக்கு. சாரம் கட்டுற டீம் தனி கான்ட்ராக்ட், அவங்க கட்டி முடிச்சு செக் பண்ணி, ஏறலாம்னு காட்டுற பச்சை டேக் அட்டைல கையெழுத்து போட்டு மாட்டிட்டு வேற சைட்டுக்கு போயிட்டாங்க. அதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.

நேத்து காலைல மூணாவது தட்டுக்கு சும்மா ஏறிப் பார்த்தேன். சுவத்தோட புடிச்சிருந்த டை ரெண்டைக் காணோம், சாய்வா போற பிரேஸ் ஒண்ணு ஒரு பக்கம் கிளாம்ப் கழட்டி விட்டு தொங்குது, பலகை ரெண்டு கம்மி, சாமான் மேல ஏத்துற ஹாய்ஸ்ட் பக்கத்துல கைப்பிடி பைப்ப கழட்டிட்டு அதுக்கு பதிலா எவனோ நைலான் கயிறு கட்டி வெச்சிருக்கான், அதுல கை வெச்சா தொட்டில் மாதிரி தொய்யுது. கீழ இறங்கி பார்த்தா டேக் பச்சையாவே தொங்குது, தேதி ஒன்பது நாளுக்கு முந்தினது. காணாம போன பலகைல ஒண்ணு கீழதான் இருந்துச்சு, அதுமேலயே கலவை போட்டு கிளறிட்டு இருக்காங்க!

யாரு கழட்டுனதுன்னு கேட்டா பூச்சு வேலைக்காரங்க பெயின்டரை கைகாட்டுறாங்க, பெயின்டர் பிளம்பரை கைகாட்டுறாரு, பிளம்பர் அன்னிக்கு லீவாம். அந்தப் பக்கம் வேலைய அரை நாள் நிறுத்தி வெச்சேன், அதுக்கு எனக்கு கிடைச்ச பாட்டை இங்க எழுத முடியாது.

கழட்டுனதை நானும் ஒரு ஹெல்ப்பரும் சேர்ந்து திருப்பி மாட்டிடலாமா, ஸ்பேனர் ஸ்டோர்லயே இருக்கு, இதான் முதல்ல தெரியணும். அப்புறம் பச்சை டேக் எத்தனை நாளைக்கு செல்லும்? சரி பண்ற வரைக்கும் பெல்ட் போட்டு வேலை செய்ங்கன்னு சொன்னேன், போட்டாங்க, ஆனா கொக்கிய கால்கிட்ட இருக்குற பைப்புல மாட்டிட்டு நிக்கிறாங்க, தரையில இருந்து நாலு மீட்டர் இருக்கும், அது போதுமா? செங்கல் எவ்வளவு ஏத்தலாம்னும் யாராவது சொன்னா புண்ணியமா போகும்.

ஸ்பேனர்_கை எழுதியது:

தம்பி, இருபத்தி மூணு வருஷமா சாரம்தான் கட்டிட்டு இருக்கேன். முதல் கேள்விக்கு பதில், வேண்டாம், தொடாத. மாட்டத் தெரியாதுன்னு சொல்லல, கிளாம்ப் மாட்டுறது பெரிய வித்தையும் இல்ல. ஆனா ரெண்டு டை போன சாரத்துல வேற என்னென்ன நகந்திருக்குன்னு கீழ இருந்து மேல வரைக்கும் பார்த்துட்டுத்தான் கை வைக்கணும். காணாம போனது உன் கண்ணுல பட்டுச்சு, லூசா இருக்குறது கண்ணுல படாது.

கிளாம்ப்லயும் ஒரு விஷயம் இருக்கு. ரெண்டு பைப்ப செங்கோணமா புடிக்கிற டபுள் கிளாம்ப் 600 கிலோ வரைக்கும் வழுக்காம தாங்கும். குறுக்கு பைப்ப மேல வெச்சு புடிக்கிற ஒத்தை கிளாம்ப் இருக்கு பாரு, அது 60 கிலோதான், பத்துல ஒரு பங்கு. பெயின்ட்டும் சிமெண்டும் ஒட்டிப்போனா ரெண்டும் தூரத்துல இருந்து ஒரே மாதிரித்தான் தெரியும். கழட்டுனவன் சாயங்காலம் நல்ல எண்ணத்துல திருப்பி மாட்டுவான், ஆனா கைக்கு கிடைச்சதை மாட்டுவான். நான் ஒரு சைட்ல பார்த்தேன், ஆளுங்க சாஞ்சு நிக்கிற கைப்பிடிய ஒத்தை கிளாம்ப்ல புடிச்சு விட்டிருக்கான், நட்டு விரல்லயே சுத்துது. டபுள் கிளாம்ப் நட்டுக்கு 50 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வேணும், அதாவது கால் மீட்டர் நீள ஸ்பேனரோட நுனியில 20 கிலோ பலம் குடுக்கணும். அதுக்காக ஸ்பேனர்ல பைப்ப மாட்டி நீட்டி தொங்கவும் கூடாது, போல்ட்டு இழுத்துக்கும்.

இப்போ நீ கேக்காத கேள்விக்கு வர்றேன். டைய ஏன் கழட்டுறான்? டை சுவத்துக்குள்ள போற இடத்துல கையகலத்துக்கு பூச்சு நிக்கும். அந்த ஓட்டைய விட்டுட்டு போனா அவனுக்கு அளவுல கழிப்பாங்க, அதனால டைய உருவிட்டு பூசிட்டு போயிடுவான். நாங்க என்ன பண்ணுவோம்னா, பக்கத்துல ஒரு முழம் தள்ளி புது டை போட்டு இறுக்கிட்டு அப்புறம்தான் பழசை எடுப்போம். எப்பவும் புதுசு முதல்ல. ஜன்னல் திறப்பு இருந்தா அதுக்குள்ள உள்பக்கமும் வெளிப்பக்கமும் பைப் வெச்சு நெருக்கி டை போட்டுடலாம், பூச்சுக்கு தொந்தரவே இல்ல, ஆனா ஜன்னல் ஃபிரேம் வர்ற தேதி தெரிஞ்சிருக்கணும், இல்லன்னா கார்பென்டர் வந்து அதைக் கழட்டுவான்.

சாரம் கட்டுறதுக்கு முன்னாடி எந்தெந்த வேலைக்காரன் இதுல ஏறப்போறான்னு கான்ட்ராக்டர்கிட்ட கேட்டீங்களா? சுவத்துக்கும் பலகைக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி வேணும்னு பூச்சு மேஸ்திரிகிட்ட கேட்டீங்களா? அமெரிக்க விதியில பொதுவா 14 அங்குலம் வரைக்கும், பூச்சு வேலைன்னா 18 அங்குலம் வரைக்கும் விடலாம்னு தனியாவே போட்டிருக்கான், ஏன்னா மட்டப்பலகை ஓட்ட கை நீளணும். உன் சைட்ல யாரும் கேக்காம நெருக்கி கட்டியிருப்பாங்க, அவன் உள்பலகைய எடுத்து கீழ போட்டிருப்பான், உன் கலவைப் பலகை அங்க இருந்து வந்ததுதான்னு நினைக்கிறேன்.

ஏணிப்படி எழுதியது:

டேக் பத்தி சொல்றேன், நான் சேஃப்டி டிபார்ட்மென்ட்.

பச்சை டேக்குன்னா கையெழுத்து போட்ட அந்த நிமிஷம் சாரம் நல்லா இருந்துச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். பிரிட்டன்ல முதல் தடவை ஏறுறதுக்கு முன்னாடி ஒருக்கா, அப்புறம் 7 நாளுக்கு மிகாம ஒருக்கா, அதோட பெருங்காத்து மழை அடிச்சாலோ எதையாவது மாத்துனாலோ மறுபடியும் ஒருக்கா பார்க்கணும். அமெரிக்காவுல இன்னும் கறார், ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னாடி விஷயம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பார்க்கணும். உங்க டேக் ஒன்பது நாள் பழசு, நீங்க எதையும் பார்க்காம இருந்திருந்தாலும் அது காலாவதிதான்.

கூப்பிட்டு கத்துறதை விட வழிய மூடுறது நல்லா வேலை செய்யும்னு என் அனுபவம். சாரத்துக்கு ஏற ஒரே ஒரு ஏணி வைங்க, டேக் ஹோல்டர் அந்த ஏணிக்கால்லதான் இருக்கணும். சந்தேகம் வந்தா டேக் அட்டைய உருவிடுங்க, ஹோல்டர்ல சிவப்பு தெரியும், ஏணியோட கீழ்ப்பாதிய பலகை வெச்சு கட்டி பூட்டுங்க. வேலை முடிஞ்சு போறப்பவும் இதையே பண்ணணும், ராத்திரி ஏறுறதுக்கு ஆள் இருக்கும், முக்கியமா சின்னப் பசங்க. ஏணி சாய்வு நாலுக்கு ஒண்ணு, தட்டுக்கு மேல ஒரு மீட்டர் நீட்டிட்டு இருக்கணும், மேல் முனைய கட்டியிருக்கணும். பிரேஸ்ல கால் வெச்சு ஏறுறவனை பார்த்தா மட்டும் நான் தயவு தாட்சண்யம் பார்க்கறதில்ல, அன்னிக்கு அவனுக்கு வேலை இல்ல.

பெல்ட் விஷயத்துலதான் எனக்கு பக்குன்னு இருந்துச்சு. கணக்கு போட்டுப் பாருங்க, கயிறு 2 மீட்டர், விழுற அதிர்ச்சிய வாங்கிக்க கயித்துல இருக்குற மடிப்பு, அதான் ஷாக் அப்சார்பர், பிரிஞ்சா இன்னொரு 1.75 மீட்டர் வரைக்கும் நீளும், முதுகு வளையத்துல இருந்து கால் வரைக்கும் 1.5 மீட்டர், கைகாவலுக்கு 1 மீட்டர். மொத்தம் 6.25 மீட்டர், கொக்கி மாட்டுன இடத்துக்குக் கீழ இவ்வளவு காலியா இருக்கணும். உங்க ஆளு நாலு மீட்டர் உயரத்துல கால்கிட்ட மாட்டியிருக்காரு. விழுந்தா கயிறு விறைச்சு ஷாக் அப்சார்பர் பிரிஞ்சு முடியறதுக்கு முன்னாடியே தரை வந்துடும். தலைக்கு மேல, டையோட உறுதியா நிக்கிற பைப்புல மாட்டணும், நீளம் கம்மியான கயிறா இருக்கணும், இல்லன்னா தன்னால இழுத்துக்கற பிளாக் வேணும். அந்த டை ரெண்டும் இல்லாத சாரத்துல கொக்கிய எங்க மாட்டுனாலும் எனக்கு சம்மதம் இல்ல. இன்னொண்ணு, பெல்ட்ல தொங்குறவனை இறக்க யாரு என்ன பண்ணணும்னு முன்னாடியே பேசி வெச்சிருக்கீங்களா? தொங்கிட்டே இருந்தா சீக்கிரமே மயக்கம் வந்துடும், ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தாங்காது.

கரண்டி எழுதியது:

எல்லாரும் பூச்சுக்காரனையே சொல்றீங்க, நான் பூச்சுக்காரன்தான், நானும் கழட்டியிருக்கேன், மறைக்கல. ஏன்னு கேளுங்க.

கலவை போட்டாச்சு, கெட்டியாகுறதுக்குள்ள சுவத்துல ஏத்தணும். குறுக்க ஒரு பிரேஸ் வருது, தொட்டிய தள்ள முடியல. சூப்பர்வைசருக்கு போன் பண்ணா சாரக்காரனுக்கு சொல்றேங்கிறாரு. சாரக்காரன் வேற சைட்ல இருக்கான், சாயங்காலம் வர்றேங்கிறான். எனக்கு அளவு கணக்குல கூலி, கூட நாலு பேர் நிக்கிறாங்க, கலவை இறுகுது. அந்த நேரத்துல கையில ஸ்பேனர் இருந்தா நீங்களும் கழட்டுவீங்க சார். கழட்டக்கூடாதுன்னு வேலைக்கு முன்னாடி நடக்குற பாதுகாப்பு பேச்சு, டூல்பாக்ஸ் மீட்டிங்ல தினம் சொல்றாங்க, தினம் கேக்குறோம். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும் எத்தனை நிமிஷத்துல வருவான்னு ஒருத்தரும் சொன்னதில்ல.

ஒரு தடவை மட்டும் ஒரு சைட்ல சாரக்காரர் ஒருத்தரை நாள் பூரா அங்கயே விட்டிருந்தாங்க. இடுப்புல ஸ்பேனரோட உக்காந்திருப்பாரு, கூப்பிட்டா அஞ்சு நிமிஷத்துல வருவாரு, பிரேஸை அடுத்த கட்டத்துக்கு மாத்தி குடுத்துட்டு போவாரு. அந்த மூணு மாசமும் நாங்க ஒரு நட்டைக் கூட தொடல, தொடணும்னு தோணவும் இல்ல.

ஸ்பேனர்_கை எழுதியது:

கரண்டி அண்ணே சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஒப்பந்தத்துல கட்டுறதுக்கும் பிரிக்கிறதுக்கும் காசு போடுவாங்க, நடுவுல மாத்திக் குடுக்குறதுக்கு ஒரு ஆளுக்கு போட மாட்டாங்க. அப்புறம் நாங்க எங்க வர்றது?

கணக்குப்புள்ள எழுதியது:

செங்கல் கேள்விக்கு யாரும் வரல, நான் வர்றேன். ஸ்ட்ரக்சுரல் பக்கம் இருக்கேன்.

பொது வேலைக்கு கட்டுற சாரம்னா சதுர மீட்டருக்கு 200 கிலோன்னு வெச்சுக்கலாம், உங்க சாரம் எதுக்கு கட்டுனதுன்னு டேக்லயே எழுதியிருக்கணும், இல்லன்னா கட்டுனவங்கள எழுதச் சொல்லுங்க. ரெண்டு செங்குத்து பைப்புக்கு நடுவுல 2 மீட்டர், தட்டு அகலம் 1.1 மீட்டர்னா ஒரு கட்டத்துக்கு 440 கிலோ. இப்போ ஏத்துங்க, செங்கல் ஒண்ணு 3 கிலோன்னா நூறு செங்கல் 300 கிலோ, கலவைத் தொட்டி ரெண்டு 80 கிலோ, ஆள் ரெண்டு பேர் 150 கிலோ. 530 ஆச்சு, தாண்டிருச்சு. நூறு செங்கல் பார்க்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், இடுப்பு உயரத்துக்கு கூட வராது, அதான் ஏமாத்துது. ஹாய்ஸ்ட்ல வந்து இறங்குற இடத்துலயே மொத்தமா குவிக்கிறதுதான் வழக்கம், அந்த கட்டத்தை மட்டும் கனமான லோடுக்குன்னு தனியா கட்டச் சொல்லணும். எத்தனை தட்டுல ஒரே நேரத்துல ஆள் ஏறலாம்னும் கேளுங்க, அஞ்சு தட்டு இருக்குங்கிறதுக்காக அஞ்சுலயும் ஏத்த முடியாது, எல்லா பாரமும் கடைசில அதே கீழ் பைப்புலதான் வந்து உக்காருது.

பலகைய பத்தி ரெண்டு வரி. 38 மில்லிமீட்டர் கனப் பலகைன்னா 1.2 மீட்டருக்கு ஒரு தாங்கல் வேணும், தாங்கலை தாண்டி நீட்டறது 5 சென்டிமீட்டருக்கு குறையக்கூடாது, 15ஐ தாண்டக்கூடாது. குறைஞ்சா நழுவும், கூடுனா நுனில கால் வெச்சவன் பலகையோட சேர்ந்து கவிழ்வான். ஓரத்துல பொருள் உருண்டு விழாம 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு டோ போர்டு, அதாவது ஓரப்பலகை, வேணும்.

ஆனா எனக்கு செங்கலை விட அந்த டைதான் கவலை. டைன்னா சாரம் வெளிப்பக்கம் சாயாம இழுத்துப் புடிக்கிறதுன்னு மட்டும் எல்லாரும் நினைக்கிறாங்க. செங்குத்து பைப் வளையாம நடுநடுவுல புடிச்சு வைக்கிறதும் அதுதான். ஒரு டைய எடுத்தா பிடிப்பு இல்லாத நீளம் ரெண்டு மடங்காகும், ஒல்லியான பைப்புக்கு நீளம் ரெண்டு மடங்கானா வளையாம தாங்குற பாரம் நாலுல ஒரு பங்கா இறங்கிடும். பாதியில்ல, கால்வாசி. அதுமேல நீங்க வலை வேற கட்டியிருக்கீங்க. வெறும் பைப்புன்னா காத்து ஊடால போயிடும், வலை கட்டுனா கப்பல் பாய் மாதிரி காத்தை வாங்கும். வலை கட்டுறதுக்கு முன்னாடி போட்ட டை கணக்கு அப்புறம் செல்லாது, யாராவது திருப்பி கணக்கு பார்த்தாங்களான்னு கேளுங்க.

டை மாட்டுற சுவர் இறுகியிருக்கான்னும் பாருங்க. 1978 ஏப்ரல் 27 அன்னிக்கு அமெரிக்காவுல மேற்கு வர்ஜீனியா வில்லோ ஐலண்ட்ல கூலிங் டவர் கட்டிட்டு இருந்தாங்க, அந்த சாரம் தரையில நிக்கல, கட்டிட்டு வர்ற டவர் சுவத்துலயே மாட்டியிருந்துச்சு. முந்தின நாள் போட்ட கான்கிரீட் இன்னும் பலமாகல, அது சாரத்தோட பாரத்தை தாங்காம மொத்தமா உரிஞ்சு விழுந்துச்சு, 51 பேர் போனாங்க. உங்களுது அந்த மாதிரி சாரம் இல்லதான், ஆனா நேத்து வெச்ச செங்கல் சுவத்துல இன்னிக்கு டை ஆங்கர் அடிக்கிற ஆளை நானே பார்த்திருக்கேன், அதனால சொல்றேன்.

புதுசைட் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பெல்ட் கணக்கை படிச்சுட்டு நேரா போய் எல்லாரையும் கீழ இறக்கிட்டேன். அந்த 6.25ஐ அவங்ககிட்ட சொன்னப்போ ஒருத்தர் டேப் எடுத்து அளந்தே பார்த்தாரு, அப்புறம் ஒண்ணும் பேசல.

சாரக்காரங்க இன்னிக்கு வந்து கீழ இருந்து ஒவ்வொரு கிளாம்பா பார்த்தாங்க. நான் பார்த்தது ரெண்டு டை, அவங்க கண்டுபிடிச்சது மொத்தம் அஞ்சு. இன்னொரு விஷயமும் வந்துச்சு. பின்பக்கம் பைப்லைனுக்காக பிளம்பர் ஆளுங்க சாரத்தை ஒட்டி பள்ளம் தோண்டியிருக்காங்க, முந்தாநாள் மழை. பைப்போட கால்ல வர்ற தகடு, அதான் பேஸ் பிளேட், ஒண்ணுக்கு அடியில குனிஞ்சு பார்த்தா அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுது, பைப் அந்தரத்துல நிக்குது! மேல ஏறிப் பார்க்குறதுலயே இருந்தேன், கீழ குனியவே இல்ல. இதுக்கு கல்லை சொருகுனா போதும்னு பிளம்பர் சொல்றாரு?

அப்புறம் உள்ள சீலிங் வேலைக்கு சக்கரம் வெச்ச டவர் ஒண்ணு இருக்கு, அதுக்கும் இதே விதிதானா?

ஸ்பேனர்_கை எழுதியது:

கல்லெல்லாம் வேண்டாம், செங்கல்லும் வேண்டாம், ரெண்டும் ஒரு நாள் வெடிக்கும். அந்த கால் தூக்கிட்டு நிக்குதுன்னா அதோட பாரத்தை பக்கத்து ரெண்டு காலும் இப்போ சுமக்குதுன்னு அர்த்தம். முதல்ல மேல இருக்குற லோடை இறக்கு, பள்ளத்தை மூடி நல்லா கெட்டிச்சுட்டு, பேஸ் பிளேட்டுக்கு அடியில நீளமா ஒரு கட்டை போடு, ஒரே கட்டை ரெண்டு கால் வரைக்கும் போற மாதிரி. பேஸ் பிளேட் ஒரு சாணுக்கும் கொஞ்சம் கம்மியான தகடு, அது மண்ணுல தனியா நின்னா ஈர மண்ணை கத்தி மாதிரி வெட்டி இறங்கும். கால் உயரத்தை திருகி கூட்டிக் குறைக்கிற ஸ்குரூ ஜாக்கி இருந்தா பிளேட் தொடுற அளவுக்கு மெதுவா இறக்கு, இறுக்கி தூக்கிடாத. மழை முடிஞ்ச அன்னிக்கு சாரத்தை சுத்தி ஒரு நடை போ, தண்ணி எங்க நிக்குதோ அந்த காலைத்தான் முதல்ல பார்க்கணும்.

ஏணிப்படி எழுதியது:

சக்கர டவருக்கு, தள்ளுறப்போ மேல ஆளும் இருக்கக்கூடாது சாமானும் இருக்கக்கூடாது, அடியில கை வெச்சுத்தான் தள்ளணும், நிறுத்துனதும் நாலு பிரேக்கும் போடணும், ஏறுறது உள்பக்கமா. உயரம் எவ்வளவுன்னு தயாரிச்சவன் குடுத்த புக்கை பாருங்க, அதுக்கு மேல ஸ்டூல் போட்டு ஏறுறானான்னும் பாருங்க, கண்டிப்பா போட்டிருப்பான்.

பிளம்பர் பள்ளம் தோண்டுனதுக்கு யாரு அனுமதி குடுத்தது? தோண்டுற பர்மிட்ல பக்கத்துல சாரம் இருக்கான்னு ஒரு வரி சேர்த்துடுங்க.

புதுசைட் எழுதியது:

பர்மிட்ல அந்த வரி சேர்த்தாச்சு. சாரக்காரர் ஒருத்தரை பூச்சு முடியுற வரைக்கும் சைட்லயே வைக்கணும்னு கேட்டு எழுதி குடுத்திருக்கேன், அஞ்சு டை போன போட்டோவையும் வெளிச்சம் தெரியுற பேஸ் பிளேட் போட்டோவையும் சேர்த்து அனுப்பியிருக்கேன். இன்னும் பதில் வரல, அதுவரைக்கும் அந்தப் பக்கம் ஏணி பூட்டியே இருக்கு, சாவி என் பாக்கெட்ல.

கரண்டி எழுதியது:

ஆளு வந்தா அவரு போன் நம்பரை ஒவ்வொரு தட்டுலயும் பெருசா எழுதி மாட்டுங்க சார். ஆபீஸ் ரூம்ல ஒட்டாதீங்க, அங்க எங்களை செருப்போட விட மாட்டாங்க.